நாலு ஊசிக் கணக்கு

ஜூன் 9, திங்கள்

உலக மக்களின் மேலான கவனத்திற்கு: இன்று மாலை பாளையங்கோட்டையில், எங்கள் ரேஷன் கடைத் தெருவில், பதினோராம் வகுப்பு மாணவர் செல்வின் அவர்களின் புத்தம்புதிய யூனிஃபார்ம் பேண்டு, அடையாளம் தெரியாத நாய் ஒன்றால் தாக்கப்பட்டுச் சம்பவ இடத்திலேயே உயிரிழந்தது. உள்ளே இருந்த செல்வின் நலமாக இருக்கிறார்.

பின்னணி வருமாறு. நான் நாயைப் போலக் குரைப்பேன். சுமாராக அல்ல. பால்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு மதில் ஏறியிருக்கிறார். இன்று நான் வகுப்புத் தோழன் முகைதீனின் சித்தியைப் பயமுறுத்தக் குரைத்தேன். அவர் பயப்படவில்லை. ஆனால் சாக்கடை ஓரம் படுத்திருந்த ஒரு வெளியூர் நாய் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டது. நான் அந்த மொழியில் என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது. ஏதோ அதன் குடும்பத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

கெண்டைக்காலில் பல் உரசிய ஒரு சிராய்ப்பு. ரத்தம் இல்லை. நாய் அப்படியே மெயின்ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.

பேண்டைத் தைத்தவள் அம்மா. ஜூன் மாதத்தில் ஊர்ப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பிறக்கின்றன. அம்மாவின் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும். அதனால் திட்டுவதற்கு முன் அவற்றை எடுக்க வேண்டியிருக்கும். தப்பிக்க நேரம் கிடைக்கும். இன்று எடுக்கவே இல்லை. குண்டூசியோடேயே என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பா லாரியில் குஜராத் பக்கம் இருக்கிறார். அவருக்குப் போனில் சொல்லவேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆஸ்பத்திரியில் முதலில் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் காலைக் கழுவச் சொன்னார்கள். பிறகு ஊசி. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. தோலுக்கடியில், கொசு கடித்த அளவுக்கு. பாறை போல நின்றேன். நர்ஸ் அக்காவே அசந்துபோனார். அம்மா சாட்சி.

மொத்தம் நாலு ஊசி என்றார்கள். எந்தெந்தத் தேதி என்றும் சொன்னார்களாம். நான் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

அம்மாவுக்கு நாற்பது பாவாடை டெலிவரி. நானே தனியாக ஆஸ்பத்திரி போனேன். மறுபடியும் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. மறுபடியும் பாறை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு கை, இரண்டு நாள். இரண்டும் இரண்டும் நாலு. ஒன்றாம் வகுப்பில் படித்தது இப்போதுதான் உதவுகிறது.

வீட்டில் நடந்தது:

"அடுத்தாப்புல என்னைக்குல வரச் சொன்னாவ?"

"முடிஞ்சிட்டும்மா. நாலு ஊசிதான. அன்னைக்கு ரெண்டு, இன்னைக்கு ரெண்டு."

அம்மா மெஷினை நிறுத்தாமல் என் இரண்டு கைகளையும் பார்த்தாள். உதடு அசைந்தது. எண்ணுகிறாள்.

"ஆமா, நாலாச்சு," என்றாள். "நல்லவேள. சீக்கிரமா முடிச்சுட்டாவ."

நர்ஸ் அக்கா வாசல் வரை பின்னால் வந்து திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று ஏதோ சொன்னார். அவருக்குத் திங்கட்கிழமை பிடிக்கும்போல. தேதிச் சீட்டில் ராக்கெட் செய்தேன். நன்றாகப் பறந்தது.

ஜூன் 13, வெள்ளி

நாய் கடித்ததிலிருந்து என் கடி ஜோக்குகளின் தரம் உயர்ந்திருப்பதாக வகுப்பில் பரவலாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்வது நானும் முகைதீனும்.

மதியச் சாப்பாட்டின்போது ஒரு சிற்றுரை ஆற்றினேன். இனி எந்த நாயும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. வெறிநாயே வந்து கடித்தாலும் அதற்குத்தான் ஊசி போட வேண்டியிருக்கும் என்றேன். கைதட்டல். இரண்டு பேர் என் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் முறுக்கு கொடுத்தான். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று திங்கட்கிழமை. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 28, சனி

ரேஷன் கடைப் படிக்கட்டில் ஒரு செவலை நாய் வந்து குடியேறியிருக்கிறது. எங்கிருந்து மாற்றலாகி வந்ததோ. வரிசையில் நிற்கிறவர்களை ஒருவர் விடாமல் ஏற இறங்கப் பார்க்கிறது. மனு கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் போலிருக்கிறது. கலெக்டர் என்று பெயர் வைத்தேன். நான் போட்ட பன்னை மோந்து பார்த்துவிட்டு, பரிசீலிப்பதாக முகத்தை வைத்துக்கொண்டு, பிறகு தின்றது.

ஜூலை 7, திங்கள்

இன்று எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டியதும் எதுவும் இல்லை. இதை எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

கலெக்டருக்குத் தொந்தி போட்டிருக்கிறது. உட்கார்ந்தே செய்கிற வேலை அல்லவா. கோபமும் கூடியிருக்கிறது. இன்று பாமாயில் வாங்க வந்த தாத்தாவைப் பார்த்து உறுமியது.

மதுரையிலிருந்து ஜெனிட்டா அக்கா வந்திருக்கிறாள். ஹாஸ்டலில் யாருக்கோ அம்மையாம். பத்து நாள் லீவு. வந்ததும் என் தலைமுடியைப் பார்த்து, "இது என்னல, கோழி கிளறுன மாதிரி," என்றாள். குடும்பம் முழுமை பெற்றது.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து வரும் வழியில் ஒரு சிறிய அறிவியல் செயல்விளக்கம் நடத்த நேர்ந்தது.

ரேஷன் கடை மூடியிருந்தது. படிக்கட்டில் கலெக்டர். எதிரே முகைதீனும் இன்னும் சில பொதுமக்களும்.

"ஒனக்குத்தான் நாயே ஒண்ணுஞ் செய்யாதுன்ன," என்றான் முகைதீன். "எங்க, கலெக்டர்ட்டப் போய் கைகுடுத்துட்டு வா பாப்போம்."

"இதுக்கெல்லாம் நாம எறங்கணுமால," என்றேன்.

"சும்மா சொல்லாத மக்கா. பயந்தா பயம்னு சொல்லு. ஊசி வேஸ்டுன்னு நெனச்சுக்கிடுதோம்."

ஊசி வேஸ்டு என்றதை என்னால் தாங்க முடியவில்லை. அருகில் போனேன். மரியாதைக்காக முதலில் மெல்லக் குரைத்தேன். கையை நீட்டினேன். கலெக்டருக்குக் கைகுலுக்கும் பழக்கம் இல்லை. முன்னங்காலால் ஒரே இழுப்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீளமாக ஒரு சிவப்புக்கோடு. பிறகு கோட்டிலிருந்து புள்ளி புள்ளியாக ரத்தம்.

பொதுமக்கள் "ஆ" என்றார்கள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அண்ணாச்சி கடைக்குப் போய் ஒரு துணி சோப்பு வாங்கி, தெருக்குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நுரை வரும், கழுவுவேன், மறுபடி தேய்ப்பேன். முகைதீன் யாரோ கவிழ்த்து வைத்திருந்த குடத்தின் மேல் உட்கார்ந்து இரண்டு பாட்டுப் பாடி முடித்தான்.

"நீதான் ஊசி போட்டவனாச்சே மக்கா. எதுக்கு இந்தப் பாடு?"

"சுத்தம்ல. சுத்தம் நல்லது."

மூன்றாவது பாட்டும் பாடினான். குடத்துக்காரி வந்து, "ஏ ராசா, கையக் கழுவுதியா, கழட்டுதியா?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். சோப்பு பாதியாகியிருந்தது.

வீட்டில் அம்மா பதறினாள். அக்கா போனை எடுத்துத் தேடினாள்.

"ஒண்ணும் பயப்படாண்டாம்மா. முழுசா ஊசி போட்டு முடிச்சு மூணு மாசத்துக்குள்ள மறுபடி நாய் கீறுனா, புதுசா ஊசி வேண்டாமாம். நல்லா சோப்புப் போட்டுக் கழுவுனாப் போதும்னு போட்டுருக்கு. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடவும் சொல்லுது."

"ஸ்தோத்திரம்," என்றாள் அம்மா. "எதுக்கும் ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமால?"

"எதுக்கும்மா. அதான் அக்கா படிச்சுட்டாளே," என்றேன்.

அக்கா படித்ததில் முழுசா என்று ஒரு வார்த்தை இருந்தது. தேவையில்லாத வார்த்தை. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் நன்றாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

காலையில் பால் வாங்க ரேஷன் கடை வழியாகப் போனேன். பால் கடை எதிர்த் திசையில் இருக்கிறது. இருந்தாலும் நடப்பது உடம்புக்கு நல்லது. படிக்கட்டு காலி. கலெக்டர் லீவு.

மாலையிலும் நடந்தேன். லீவு.

ஜூலை 15, செவ்வாய்

நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை என்று அக்கா வேறு எதையோ படிக்கும்போது சொன்னாள். அதற்கு நாய் இருக்க வேண்டும். படிக்கட்டு இன்றும் காலி.

அம்மாவிடம் துணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் என் கதைதான். "அவனுக்கு ஒண்ணுஞ் செய்யாது. போன மாசம் நாலு ஊசியும் போட்டாச்சுல்லா. நானே எண்ணுனேன்." ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் என் தலையைத் தடவினாள். முன்னறையில் நான் உட்காரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்று பதினோரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வெயில்.

ஜூலை 16, புதன்

பதினான்கு டம்ளர். எல்லாம் நன்றாகவே இறங்கியது. இயற்பியல் வகுப்பில் நான்கு தடவை வெளியே போக அனுமதி கேட்டேன். ஐந்தாவது தடவை சார், "செல்வின், அங்கேயே ஒரு பெஞ்சு போடச் சொல்லட்டுமா?" என்றார். வகுப்பு சிரித்தது. நல்ல ஜோக். என்னுடையதாக இருந்திருக்க வேண்டியது.

இரவுச் சாப்பாட்டில் அம்மா சொன்னாள்: "மேட்டுத் தெருவுல ஒரு நாயி மூணு பேரக் கடிச்சுருச்சாம். கார்ப்பரேஷன்காரங்க வண்டியில ஏத்திட்டுப் போய்ட்டாவளாம்."

"என்ன கலரும்மா?"

"நாயி கலருதான். கலரு பாத்தா கடி வாங்குவாவ?"

தோசை இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். டயட்.

ஜூலை 17, வியாழன்

வெறிநோய் வந்தவனுக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் ஆகாது என்று வகுப்பில் ஒருவன் சொன்னான். கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தேன். காற்று எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தில் வைத்தேன். அப்போதும் பிடித்திருக்கிறது.

அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னல இது. ஒட்டகம் மாதிரித் தண்ணியக் குடிக்க. இப்ப ஃபேனு."

"புழுக்கம்."

"எந்தெந்தத் தேதில ஊசி போட்ட?"

"ஜூன்ல."

"ஜூன்ல என்னைக்கு?"

"அதெல்லாமா ஞாபகம் இருக்கும். கல்யாண நாளா?"

அக்கா சிரிக்கவில்லை. "கடைசி ஊசி இருபத்தெட்டாம் நாளு போடணும்ல. அப்படின்னா ஜூலைலதான வரும்," என்றாள். நான் குரைத்துக் காட்டினேன். வழக்கமாக அதற்கு அடிக்க வருவாள். வரவில்லை. அங்கேயே நின்றாள்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளிக்குக் கிளம்பிவிட்டு, கிளம்பவில்லை. அம்மா மெஷினில் இருந்தாள். அக்கா சமையலறையில்.

"அம்மா."

"ம்."

"நாலு ஊசின்னா நாலு நாளு போகணும்மா. ஒரு நாளைக்கு ரெண்டு கைலயும் போடுவாங்க. அது சேத்து ஒண்ணுதான் கணக்கு. நான் ரெண்டு நாளுதான் போனேன்."

மெஷின் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. தையல் துணியை விட்டு வெளியே போயிருந்தது. அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். திட்டு வருகிறது என்று மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். மூன்றும் நல்ல பதில்கள்.

"நானும் எண்ணுனேனே," என்றாள். "ஒன் கையப் பாத்து நாந்தானல நாலுன்னு எண்ணுனேன். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் வேற சொன்னேனே."

பள்ளிப் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் செருப்பை எடுத்துவந்தேன்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி. எங்கள் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

அதே வார்டு, அதே நர்ஸ் அக்கா. நிமிர்ந்து பார்த்ததுமே, "நீ அந்தத் தம்பிதான?" என்றார். "ஆமாக்கா," என்று அவசரமாக முடித்துவிட்டேன். அவர் மேலும் ஏதோ சொல்ல இருந்தார்.

டாக்டர் கீறலைப் பார்த்தார். எப்போது, எந்த நாய், கழுவினாயா என்றெல்லாம் கேட்டார்.

"முழுசா போட்டு முடிச்சிருந்தா, கழுவுனது போதும்னு இப்பவே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நீ பாதியில நிறுத்திட்ட. அத நம்பி விட முடியாது. ரத்தமும் வந்திருக்கு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கீறலச் சுத்தியும் ஒரு மருந்து போடணும்."

"பாதி போட்டதுக்குப் பாதி தள்ளுபடி கெடையாதா சார்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கன்னத்தில் ஈரம் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த ஜோக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருந்தால் வாங்கியிருப்பேன்.

"அஞ்சு நாள் தள்ளி வந்திருக்க," என்றார் டாக்டர். "அன்னைக்கே வந்திருக்கணும். ஆனா வந்துட்ட. இப்படி வந்த பிறகு ஒழுங்கா போட்டவங்க நல்லாத்தான் இருக்காங்க. அந்த நாயி கண்ணுல பட்டாச் சொல்லு. பட்டுச்சுன்னு ஊசிய நிறுத்திராத."

கீறலைச் சுற்றிப் போட்டது கொசு கடித்த அளவு இல்லை. அதைப் பற்றி விரிவாக எழுத இடமில்லை. பக்கம் தாராளமாக இருக்கிறது, இருந்தாலும் இடமில்லை.

ஜூலை 21, திங்கள்

இரண்டாம் ஊசி. இரண்டு கையும் சேர்த்து ஒன்று. அம்மா கூடவே வந்தாள். தேதிச் சீட்டு இப்போது மெஷின் மேல், பெரிய கத்தரிக்கோலுக்கு அடியில். ராக்கெட் விட வாய்ப்பில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளி விட்டதும் முகைதீன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மக்கா, கலெக்டர் ஆபீஸ்ல ஆறு கிளார்க்கு புதுசா சேந்துருக்கு."

ரேஷன் கடைக்குப் பின்னால், காலிச் சாக்குகள் அடுக்கிவைத்திருக்கும் சந்தில் கலெக்டர் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி ஆறு குட்டிகள், கண் திறக்காமல். தொந்தி காணாமல் போயிருந்தது. அந்த ஞாயிறு அன்று அது ஏன் கைகுலுக்கவில்லை என்பது எனக்கு இப்போது விளங்கியது. தெருவில் எனக்கு மட்டும்தான் விளங்காமல் இருந்திருக்கிறது. பாமாயில் தாத்தாவுக்குக்கூட முன்பே தெரியுமாம்.

கலெக்டர் என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. எதிரே வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. ஒரு நாய் தண்ணீர் குடிப்பதை அவ்வளவு நேரம் நின்று பார்த்தவன் இந்தத் தெருவில் நான்தான்.

"குரைச்சுக் காட்டு மக்கா, குட்டி முழிக்கட்டும்," என்றான் முகைதீன்.

"சும்மா கெட. தூங்குதுல்லா," என்றேன்.

ஜூலை 24, வியாழன்

நேற்றோடு பத்து நாள் ஆயிற்று. கலெக்டர் நலம். குட்டிகள் நலம். அம்மாவிடம் சொன்னேன். "ஸ்தோத்திரம்," என்றாள். அதே மூச்சில், "நாளைக்கு ஊசி," என்றாள்.

ஜூலை 25, வெள்ளி

மூன்றாம் ஊசி. போட்டாச்சு. இந்த முறை உண்மையிலேயே.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். லீவு நாளாக இருந்தாலும் அவசரப் பிரிவில் அதே நர்ஸ் அக்கா. நாட்டுக்கு விடுதலை கிடைத்த நாளில் எனக்கும் கிடைத்தது என்று முகைதீனிடம் சொல்ல ஒரு வரி தயாராக இருந்தது. அவனும் கூட வந்திருந்தான். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

ஊசியை எடுத்துக்கொண்டு வந்த நர்ஸ் அக்கா முதலில் பெஞ்சைக் காட்டி, "படுத்துக்கிடுதியா தம்பி?" என்று கேட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி.

"எதுக்குக்கா படுக்கணும்?" என்றான் முகைதீன்.

"மொத தடவ மயங்கி விழுந்த புள்ளைல்லா. ரெண்டாந் தடவையும் கண்ணு சொருகிட்டு. தனியா வேற வந்துருந்தான். தண்ணி தெளிச்சு எழுப்புனதும் எந்திரிச்சு ஓடுனான் பாரு. திங்கக்கிழம வரணும்னு வாசல் வரைக்கும் கத்திக்கிட்டே போனேன்."

முகைதீன் என்னைப் பார்த்தான். அவன் முகம் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதல் தடவை விழுந்ததை அவள் இத்தனை நாளும் யாரிடமும் சொன்னதில்லை. நான் பாறை பாறை என்று வீட்டில் அளந்தபோதெல்லாம் வாயில் குண்டூசியோடு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எனவே, ஜூன் மாதப் பக்கங்களுக்கு ஒரு திருத்தம். ஜூன் 9 அன்று பாறை போல நின்றது அம்மா. நான் அவள் மடியில் கிடந்தேன். தேதி சொன்னபோது செய்துகொண்டிருந்த வேறு வேலை அதுதான். நாலு ஊசிக்கு நாலு நாள் என்று ஜூன் 12 அன்று பஸ் ஏறும்போதே எனக்குத் தெரியும். கணக்கு தப்பாக வந்தது கணக்குத் தெரியாததால் அல்ல.

இன்று நின்றுகொண்டேதான் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடியிருந்தேன். ஒரு கையில் அம்மாவின் சேலைத் தலைப்பு. இன்னொரு கையில் முகைதீனின் சட்டை. ஒரு பட்டன் போய்விட்டது. அம்மா தைத்துக் கொடுத்துவிட்டாள்.